தடைக்காலத் தோடு

பட்டு நூலில் ஜிமிக்கி சுற்றுகிறேன்,
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்,
சாப்பாட்டு மேசையின் முக்கால் பாகத்தில்.
மீதிக் கால் பாகத்தில்
புகழேந்தி கணக்கு எழுதித் தருகிறார்:
நூல், பசை, கொக்கி, கல் சங்கிலி, கூரியர்.
'கூலி' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு
என்னைப் பார்த்தார்.
நான் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
அந்தக் கட்டம்
ஐந்து வருஷமாகக் காலி.

பகலில் மஞ்சக்குப்பம் மின்வாரியம்,
இரண்டாம் கவுன்ட்டர்.
கண்ணாடியில் கை நுழையும் அளவு ஓட்டை.
பணம் வரும், ரசீது போகும்,
சில சமயம் ஒரு கேள்வி வரும்:
"காதுல போட்டிருக்கியே, எங்க வாங்கின?"
வேலை நேரத்தில் வியாபாரம் கூடாது.
துண்டுத் தாளில் நம்பர் எழுதி
ரசீதுக்கு அடியில் வைத்துத் தள்ளுவேன்,
லஞ்சம் கொடுக்கிறவளைப் போல.

அப்படித்தான் வனமயில் வந்தாள்.
தேவனாம்பட்டினம். மே மாதத்து வெயில்.
ஒரு காதில் ஈர்க்குச்சி,
மறு காதிலும் ஈர்க்குச்சி.
கலர் கேட்கவில்லை, டிசைன் கேட்கவில்லை.
"ஓட்ட தூர்ந்துடக் கூடாது, அவ்ளோதான்.
போட் கடலுக்குப் போற வரைக்கும்."
நாற்பது ரூபாய் என்றேன்.
முப்பது என்றாள்.
முப்பத்தைந்துக்கு முடிந்தது.
கேட்காமலே மயில்கழுத்து நிறத்தில் சுற்றினேன்,
பேர் அப்படி இருக்கிறதே என்று.

பத்தாம் நாள் திரும்பி வந்தாள்.
வரிசையில் நிற்கவில்லை.
காது மடல் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.
"உன் கொக்கி உப்புக்காத்துக்கு ஆவாதுடி."
ஓட்டை வழியாகக் கை விட்டு
இரண்டு தோட்டையும் என் ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.
பின்னால் நின்ற பென்ஷன்காரர்
மீட்டர் ரீடிங் தகராறு என்று நினைத்துக்கொண்டு
அவளுக்காக என்னைத் திட்டினார்.

அன்று ராத்திரி
இருநூறு கொக்கியைக் குப்பையில் கொட்டினேன்.
ஸ்டீல் கொக்கி மூன்று மடங்கு விலை;
அந்த வரியைப் புகழேந்தி இரண்டு முறை வட்டமிட்டார்.
ஜிமிக்கி வேண்டாம், கூடை சுமக்கையில் கழுத்தில் இடிக்கும்.
நூல் வேண்டாம், மீன் தண்ணீர் குடிக்கும்.
ஒரு வளைவு, ஒரு கண்ணாடி மணி.
குளிக்கலாம், தூங்கலாம், ஐஸ் உடைக்கலாம்.

வனமயில் போட்டுப் பார்த்தாள்,
எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் நாலு பேர் கரண்ட் பில் கட்ட வந்தார்கள்,
கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்க.
எட்டுக் காதிலும் குச்சி.

அடுத்த வருஷமும் அப்படியே.
மூன்றாம் வருஷம் கணக்கைக் கூட்டிவிட்டு
புகழேந்தி சொன்னார்:
"உனக்கு தீபாவளி இல்ல, பொங்கல் இல்ல.
ஏப்ரல் பதினஞ்சுலேர்ந்து
ஜூன் பதினாலு வரைக்கும்தான் சீசன்."
பாராட்டாகத்தான் சொன்னார்.
படகுகள் கரையேறி நிற்கிற அறுபத்தோரு நாள்.
பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் அதில்தான்.
எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்.
இறங்கியது. ரசம் வேறு நன்றாக இருந்தது.
ஆனால் விலையை ஏற்றலாமா என்று அவர் கேட்டபோது
மேசையைத் துடைக்க எழுந்துவிட்டேன்.

அந்த ஜூலையில் வனமயில்.
காதில் தங்கம்.
பில் பணத்தோடு ஒரு பொட்டலத்தையும் தள்ளினாள்.
மாத்திரைக் கவரில் மணித்தோடு,
கழுவித் துடைத்தது.
"வூட்டுல வச்சா பசங்க தொலச்சிடும்.
நீயே வச்சிரு. ஏப்ரல்ல வாங்கிக்கிறேன்."

இப்போது என் பிஸ்கட் டப்பாவில் ஏழு ஜோடி.
சீட்டு எழுதவில்லை, வட்டி கிடையாது.
பச்சை வனமயில், சிவப்பு கொளஞ்சி,
தேன் நிறம் அவள் ஓரகத்தி.
கருநீலம் யாருடையது என்று மறந்துவிட்டது.
ஏப்ரலில் தெரியும்.
தெரியாமலே போனாலும் சரி.